தனிப் புத்தகம்

வெர்னிஸ் டால்பர்ட்டுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. அவளுக்கு மனிதர்களைத் தெரியும், அவ்வளவுதான். அலபாமாவில் லவெட் கவுண்டி நீதிமன்றத்தின் தரைத்தளத்தில், கல்யாண லைசென்ஸ் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நாற்பத்தோரு வருடம் உட்கார்ந்தவள். நான்காவது கல்யாணத்துக்கு வந்துவிட்டு இரண்டாவது என்று சத்தியம் செய்கிறவன், மாப்பிள்ளையின் பெயரைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாத பெண், கட்டிக்கொள்ளப் போகிறவளை வாசலில் நிறுத்திவிட்டு, 'இதை ரத்து பண்ண எத்தனை நாள் ஆகும்' என்று குனிந்து ரகசியமாகக் கேட்கிறவன், எல்லோரையும் பார்த்தாயிற்று. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு பார்வை பார்ப்பாள். பலபேர் அதற்கே பயந்து படிவத்தைத் திரும்ப வாங்கித் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மவுண்ட் கிலியட் பாப்டிஸ்ட் சபையின் எழுத்தர். சபையில் யார் செத்தாலும், யாருக்கு எழுபத்தைந்து வயது ஆனாலும், பாஸ்டருக்கு ஆண்டுவிழா வந்தாலும் தீர்மானம் எழுதி, எழுந்து நின்று வாசிக்க வேண்டியது அவள். 'ஆதலால்' என்று ஆரம்பித்து, இன்னும் இரண்டு 'ஆதலால்' போட்டு, 'ஆகவே இச்சபை தீர்மானிப்பது என்னவென்றால்' என்று முடிப்பாள். பெண்டாட்டியை முப்பது வருடம் அடித்தவனை 'இல்லத்தை அன்பால் ஆண்டவர்' என்று எழுதியிருக்கிறாள். எழுதும்போது உதட்டோரம் ஒரு கோணல் சிரிப்பு வரும். வாசிக்கும்போது வராது. சபை முழுவதும் எழுந்து நின்று ஆமென் சொல்லும். இவர்களுக்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டு உட்காருவாள்.

கறுப்பர் வரலாற்று மாதமான பிப்ரவரி வந்தால் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 1963-ல், அவளுக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது, பர்மிங்ஹாமில் கறுப்புப் பிள்ளைகள் சம உரிமை கேட்டு ஊர்வலம் போனதைக் கேள்விப்பட்டு, இந்தச் சபையிலிருந்து அவளையும் சேர்த்துப் பத்தொன்பது பிள்ளைகள் நீதிமன்றப் படிவரைக்கும் பாடிக்கொண்டே போனார்கள். சிறையில் இடமில்லை என்று மாட்டுச் சந்தைக் கொட்டகையில் நான்கு நாள் பூட்டி வைத்தார்கள். அதற்காக ஒவ்வொரு பிப்ரவரியும் அவள் மார்பில் ஒரு வெள்ளைப் பூவைக் குத்தி, முன்வரிசையில் நிற்கவைத்துக் கைதட்டுவார்கள்.

கைதட்டை ஆரம்பித்து வைப்பவர் பாஸ்டர் டெமெட்ரியஸ் குட்லோ. நாற்பத்து மூன்று வயது. அட்லாண்டாவிலிருந்து வந்து ஒன்பது வருடம் ஆகிறது. சட்டைப்பைக் கைக்குட்டைக்கும் காலுறைக்கும் ஒரே நிறம் பார்த்துப் போடுகிறவர். "நம்ம மேல நாயை விட்டாங்க. நம்ம மேல தண்ணியப் பீச்சி அடிச்சாங்க" என்று அவர் குரல் நடுங்கும்போது வெர்னிஸ் கைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். இந்த ஊர் போலீஸிடம் அப்போது நாயே கிடையாது. தீயணைப்பு வண்டி ஒன்றுதான், அதுவும் அந்த வாரம் ரிப்பேர். அவர்களுக்குக் கிடைத்தது சாணி நாற்றமும் ஆறிப்போன சோளக்கஞ்சியும்தான். அதைச் சொன்னால் யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் பாஸ்டர் நாயை வைத்துக்கொண்டார்.

அந்தப் பத்தொன்பது பேரில் இப்போது ஊரில் உயிரோடு இருப்பவர்கள் இரண்டு பேர். ஒருத்தி வெர்னிஸ். இன்னொருவன் லூஷியஸ் பீவி, அதே சபையில் முப்பத்து மூன்று வருடமாக ஆர்கன் வாசிக்கிறவன். கொட்டகையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு நாளும் பக்கத்தில் படுத்திருந்தவன் அவன்தான். ஆனால் பிப்ரவரி நிகழ்ச்சித் தாளில் அவன் பெயர் இருக்காது. தாளை எழுதுகிறவள் வெர்னிஸ். 'அவனையா முன்னால நிறுத்துறது' என்று சபையை நடத்தும் டீக்கன்கள் முணுமுணுப்பார்கள் என்று முதல் வருடம் விட்டாள். பிறகு விட்டுவிடுவதே பழகிவிட்டது. பாஸ்டருக்கு இன்றுவரை அவனும் அந்த ஊர்வலத்தில் போன விஷயமே தெரியாது.

டீக்கன்கள் ஏன் முணுமுணுப்பார்கள் என்றால், லூஷியஸ் வீட்டில் க்ளிஃப்டன் ஹார்ன் இருக்கிறான். பள்ளிக்கூட பஸ்களின் மெக்கானிக். வந்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் இடதுபக்கம் ஐந்தாவது வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆர்கன் முடிந்ததும் எழுந்து போய்விடுவான். அவனைச் சபை 'லூஷியஸோட கசின்' என்று சொல்லும். சபை விலாசப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. தட்டச்சு செய்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். லூஷியஸின் விரல்கள் வேண்டும், லூஷியஸ் வேண்டாம். இப்படி ஒரு ஏற்பாட்டை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்த கூட்டம் அது.

2015 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் லைசென்ஸ் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று மத்திய நீதிமன்றத்தின் உத்தரவு நடைமுறைக்கு வந்தது. லவெட் கவுண்டியின் ஜட்ஜ் வேட் லாங்ஷோர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். யாருக்குமே கொடுக்காவிட்டால் யாருக்கும் மறுத்ததாகாது. ஜன்னலை மூடச் சொன்னார். நீச்சல் குளத்தில் கறுப்புப் பிள்ளைகளை விட வேண்டும் என்றதும் குளத்தையே மண் கொட்டி மூடிய ஊர் இது. அந்த மூளை அப்படியே தங்கியிருந்தது. 'மறு அறிவிப்பு வரை லைசென்ஸ் கிடையாது. யாருக்கும்' என்று வெர்னிஸ் தட்டச்சு செய்து கண்ணாடியில் ஒட்டினாள். ஒட்டி முடிக்கும்போது வெளியே லூஷியஸும் க்ளிஃப்டனும் கோட்டு சூட்டில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"தொறந்திருக்கா?" என்றான் லூஷியஸ்.

"படிக்கத் தெரியும்ல?"

"தெரியும். நீ எழுதினதுன்னும் தெரியுது. வெள்ளிக்கிழமை பர்மிங்ஹாம்ல எனக்கு ஆபரேஷன், வெர்னிஸ். நெஞ்சுல வால்வு மாத்தணுமாம். அதுக்கு முன்னாடி பேப்பர் வேணும்."

விஷயம் அவளுக்குத் தெரியும். டிசம்பரில் அவன் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, நர்ஸ் க்ளிஃப்டனைப் பார்த்து, நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். இருபத்தொன்பது வருடப் பழக்கத்தில் அவன் வாயில் கசின் என்று வந்துவிட்டது. கசின் போதாது என்று பதினோரு மணிநேரம் வராந்தாவில் உட்காரவைத்தார்கள். டெட்ராய்ட்டில் இருக்கும் லூஷியஸின் அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவன் சம்மதம் கேட்டு ஊசி போட்டார்கள். அந்த அண்ணன் லூஷியஸோடு பேசி இருபது வருடம் ஆகியிருந்தது.

"பர்மிங்ஹாம்ல இன்னைக்குக் குடுக்கிறாங்களாம். ஒன்றரை மணிநேரம்தான். அங்க போய் வாங்கிக்க."

"நானும் அதத்தான் சொன்னேன்" என்றான் க்ளிஃப்டன். "கேட்டாத்தானே?"

லூஷியஸ் கண்ணாடிக்கு அருகே குனிந்தான். "தாகம்னா அடுத்த ஊர்ல போய்க் குடின்னு நம்ம அப்பாங்களுக்கு இதே கட்டடத்துல சொன்னாங்க. நீ அந்த வேலைக்கா வந்த?"

"நான் சம்பளத்துக்கு வேலை பாக்குறவ. ஜன்னல் ஜட்ஜோடது."

"சரி. வியாழன் வரைக்கும் தெனமும் வரேன். நீ மூடி வச்சிரு, நான் வந்து பாத்துட்டுப் போறேன்."

சொன்னபடி செவ்வாயும் வந்தான், புதனும் வந்தான். வெர்னிஸ் தலையைத் தூக்காமல் காகிதங்களை அடுக்கினாள். ஜட்ஜ் மேல் அவளுக்கு வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமில்லை. பிடிவாதக்காரன் என்று லூஷியஸ் மேலும் வந்தது. ஊர் முழுவதையும் அருவருத்தாலும் நோட்டீஸைக் கிழிக்க அவள் கை எழவில்லை. ஜூன் மாதம் ஓய்வு. அதுவரை நிம்மதியாக இருக்க வேண்டும். மனதுக்குள் காறித்துப்புவதற்கு வேலையை விட வேண்டியதில்லை.

புதன் மாலை வேதபாடம் முடிந்ததும் பாஸ்டர் அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"சிஸ்டர் டால்பர்ட், ஒரு தீர்மானம் வேணும். நாளைக்கு மத்தியானம் நீதிமன்றப் படியில ஜட்ஜ் லாங்ஷோர் பேசுறார். டிவிக்காரங்க வராங்க. பக்கத்துல நானும் நிக்கிறேன்."

"லாங்ஷோர் பக்கத்துலயா? அவரோட அப்பாதான் நாங்க இருந்த கொட்டகைக்குச் சாவி வச்சிருந்தவர். தெரியுமா பாஸ்டர்?"

"ஜனங்க மாறுறாங்க, சிஸ்டர்."

"ஆமா. சாவிதான் அப்பாகிட்டயிருந்து புள்ளைக்கு மாறிருக்கு."

பாஸ்டர் சிரித்தார். மூத்த சிஸ்டர்களின் கிண்டலைச் சிரித்துத் தாண்டிவிடலாம் என்பது அவர் அனுபவம். "விஷயத்துக்கு வரேன். டிவியத் தொறந்தா இவங்க பேச்சுதான். எங்களுக்கும் அதே உரிமை, எங்களுக்கும் அதே போராட்டம், அதே பாட்டு. நம்ம பாட்டையே எடுத்துப் பாடுறாங்க. அவங்களும் நம்மளும் ஒண்ணா? அவங்களக் கப்பல்ல ஏத்தி வித்தாங்களா? மரத்துல தொங்கவிட்டாங்களா? அவன் வாயத் தொறக்கலன்னா யாருக்கும் தெரியாது. நம்ம தோலை எந்தப் பெட்டியில ஒளிச்சு வைக்கிறது?"

இதில் பாதி நிஜம். வெர்னிஸுக்கு அது தெரியும். அவள் தாத்தாவின் அப்பாவை விற்றுவாங்கிய ரசீது நீதிமன்ற மேல்மாடியில் இன்னும் இருக்கிறது. எதையும் எதனோடும் நிறுத்துப் பார்க்க அவளுக்கும் பிடிக்காது. அவளை உறுத்தியது வேறு. இந்த மனிதர் பேசுவது பட்டவன் பேச்சாக இல்லை. தாத்தா வாங்கிப்போட்ட நிலத்தில் வேலி போட்டுக்கொண்டு, அடுத்தவன் மாடு மேயக்கூடாது என்று கம்போடு நிற்கிறவன் பேச்சாக இருந்தது. அந்த நிலத்தை உழுதவர்களில் ஒருவன் மூன்று நாளாக ஜன்னலுக்கு வந்து போய்க்கொண்டிருந்தான்.

"லூஷியஸ் விஷயம் தெரியும்ல உங்களுக்கு?" என்றாள்.

"பிரதர் பீவி நம்ம ஆளு. அவர் ஊழியம் தனி. அவரோட சொந்த விஷயத்தச் சபை கேட்டதில்ல. நாம அவர அன்பாத்தான் வச்சிருக்கோம்." பாஸ்டர் மேசைமேல் இருந்த கேக் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்க எழுதினா ஒரு கனம் இருக்கும், சிஸ்டர். பதிமூணு வயசுல உள்ள போனவங்க எழுதினதுன்னு சொல்லி வாசிப்பேன். கீழ உங்க கையெழுத்து."

இந்த இடத்தில் அவள் எழுந்து வந்திருக்க வேண்டும். என் கதையில் அவள் நல்லவளாக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் வீட்டுக்குப் போய், வறுத்த மீனைச் சாப்பிட்டுவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். புருஷன் போய் ஒன்பது வருடம், பிள்ளை இல்லை, ஞாயிற்றுக்கிழமை நுழைய இருக்கும் ஒரே வாசல் மவுண்ட் கிலியட். வார்த்தைகள்தானே, எத்தனை பொய் எழுதியாயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று 'ஆதலால்'. கடைசியில் அழகான கையெழுத்து. நல்ல தீர்மானம் என்று அவளுக்கே தோன்றியதுதான் கேவலம்.

வியாழன் காலை பத்து மணிக்கு மத்திய நீதிமன்றத்திலிருந்து ஜட்ஜுக்கு ஒரு கடிதம் வந்தது. பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் திறந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவரே போய்க் கூண்டில் நிற்க வேண்டும் என்று மரியாதையான மொழியில் எழுதியிருந்தது. பதினொன்றேகாலுக்கு ஜட்ஜ் அவள் மேசைக்கு வந்தார். கூடவே பாஸ்டர், ஊதா நிறக் கைக்குட்டையோடு. ஜட்ஜின் கையில் புத்தம்புதிதாக ஒரு பதிவேடு. கருநீல அட்டை, பெயர் எதுவும் அச்சிடவில்லை.

"வெர்னிஸ்" என்றார். அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அந்தக் கட்டடத்தில் நாற்பத்தோரு வருடமாக வெள்ளைக்காரர் எவரும் அவள் பெயருக்கு முன்னால் மிஸ் போட்டதில்லை. "ராத்திரி பூரா யோசிச்சேன். யார் மனசும் நோகாத மாதிரி ஒரு வழி. தொறக்கச் சொல்றாங்க, தொறந்துடுவோம். ஆனா அவங்க கல்யாணம் மட்டும் இதுல எழுதிக்க. நம்ம பெரிய புத்தகத்துல மத்த குடும்பங்க இருக்காங்க இல்லியா? அவங்க பேரோட பேரா இது வர வேண்டாம். நீ பொறுப்பானவ. நீயே இத வச்சுப் பாத்துக்க."

"நல்ல ஏற்பாடு சிஸ்டர்" என்றார் பாஸ்டர். "சட்டமும் நிறைவேறும், நம்ம சாட்சியும் கெடாது."

வெர்னிஸ் பதிவேட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். கோடு போட்ட வெற்றுப் பக்கங்கள். புதுப் பசை வாசனை.

அவளுக்குப் பின்னால் இரும்புக் கதவு போட்ட அறையில் அந்தக் கவுண்டியின் கல்யாணப் பதிவேடுகள் அத்தனையும் இருந்தன. 1968 வரைக்கும் அவை இரண்டு வரிசை. மேலே தோல் அட்டை, தங்க எழுத்து, 'வெள்ளையர்'. கீழே, தரையோடு தரையாக, துணி அட்டை, 'கறுப்பர்'. 1974-ல் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கொடுத்த வேலை அவற்றைத் தூசி தட்டுவது. கீழ்வரிசை ஏழாவது புத்தகத்தில் அவளுடைய அப்பா அம்மா கல்யாணம் இருந்தது. மை ஊறி மறுபக்கம் தெரிகிற மலிவுத் தாள். ஒரு வெள்ள வருடத்தில் கீழ்வரிசை முழுவதும் நனைந்தது, மேல்வரிசை நனையவில்லை. அன்றைக்கு முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக விசிறிக் காயவைத்தவள் அவள்.

அவள் ஜட்ஜின் முகத்தைப் பார்த்தாள். ஒரு கேலியும் இல்லை, ஒரு வன்மமும் இல்லை. உண்மையாகவே உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு நின்றார். கட்டடம் முழுக்கத் தேடி, இந்த வேலையைக் கொடுக்க அவருக்கு இவள்தான் கிடைத்தாள். அடுத்து பாஸ்டரைப் பார்த்தாள். தனிப் புத்தகம் என்ற பேச்சு அவர் காதில் விழுந்தும் அவர் முகத்தில் ஒரு தசைகூட ஆடவில்லை. நாயும் தண்ணீரும் பற்றிக் கண்ணீர் விடுகிற ஆள். புத்தகத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"பார்த்துக்கிறேன், ஜட்ஜ்" என்றாள்.

அவர்கள் படிக்குப் போனார்கள். மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டது. வெர்னிஸ் கருநீலப் பதிவேட்டைக் குப்பைத் தொட்டிமேல் நிறுத்தி வைத்தாள். தொட்டி சின்னது, புத்தகம் உள்ளே போகவில்லை. பிறகு நோட்டீஸைக் கிழித்து, மர மூடியைத் தூக்கினாள். மணி பன்னிரண்டு. லூஷியஸும் க்ளிஃப்டனும் வந்து நின்றார்கள். லூஷியஸின் மூச்சு கொஞ்சம் இரைத்தது.

அவள் பெரிய புத்தகத்தைத் திறந்தாள். அறுபத்தொன்றாவது தொகுதி, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். மேலே கடைசியாக எழுதியிருந்தது ஜட்ஜ் லாங்ஷோரின் மகள் கல்யாணம், போன வெள்ளிக்கிழமை, ஜன்னல் மூடுவதற்கு முன்னால். அதற்கு நேர் கீழே இருந்த கோட்டில் பேனாவை வைத்தாள். லூஷியஸ் எட்வர்ட் பீவி. க்ளிஃப்டன் ஹார்ன்.

வெளியே ஒலிபெருக்கியில் பாஸ்டர் வாசிக்க ஆரம்பித்தார். "ஆதலால், எங்கள் முன்னோர் தோலின் நிறத்துக்காகச் சங்கிலியில் கிடந்தபோது..." குரல் ஜன்னல் வழியாகத் தெளிவாக உள்ளே வந்தது. "ஆதலால், அந்த இரத்தத்தின் விலையைத் தன்னிச்சையாய் ஒரு வாழ்க்கையைத் தேர்ந்துகொண்டவர்கள் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வது..."

லூஷியஸ் தலையைச் சாய்த்துக் கேட்டான். முப்பத்து மூன்று வருடம் அவள் தீர்மானம் வாசித்து முடிக்கிற இடம் பார்த்து ஆர்கனில் கைவைத்தவன் அவன்.

"அடுத்து இன்னொரு ஆதலால் வரும்" என்றான்.

வந்தது. வெர்னிஸின் பேனா நின்றது.

"நல்லா எழுதியிருக்க. எங்க அம்மாவுக்கும் நீதான் எழுதின." அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "ஏதோ ரெண்டு ஊர்க்காரங்களுக்குள்ள வழக்கு மாதிரி பேசுறீங்க எல்லாரும். இந்தப் பக்கம் கறுப்பங்க, அந்தப் பக்கம் நாங்க. கொட்டகையில உன் பக்கத்துல படுத்திருந்தது யாரு வெர்னிஸ்? எந்த ஊர்க்காரன்? என்னையப் பூட்டுனப்ப எதுக்குன்னு பிரிச்சுப் பூட்டுனாங்களா?"

"நேத்து எழுதினது" என்றாள் வெர்னிஸ்.

"நேத்துன்னா வேற ஆளா?"

"லூஷியஸ், விடு. கையெழுத்துப் போடு" என்றான் க்ளிஃப்டன்.

போட்டான். க்ளிஃப்டனும் போட்டான், மெக்கானிக் கை, எழுத்து கோட்டை விட்டு வெளியே போனது. ஜட்ஜின் கையெழுத்து முத்திரை பதினோரு வருடமாக அவள் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்து, மையில் ஒற்றி, அழுத்தினாள். வெளியே கைதட்டல் கேட்டது.

லைசென்ஸை நீட்டும்போது அவள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். வேலை போகப்போகிறது, சபை போகப்போகிறது. தான் செய்தது பெரிய காரியம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. லூஷியஸ் காகிதத்தை மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தான்.

"அன்னைக்கு நாலு நாள் என் கையப் பிடிச்சிருந்த. திங்கக்கிழமை அந்தத் தாள ஒட்டின. ரெண்டும் உன் கைதான். நான் ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கிறேன்" என்றான். க்ளிஃப்டன் மட்டும் நன்றி சொன்னான். இருவரும் காருக்குப் போனார்கள். பர்மிங்ஹாம் பூங்கா ஒன்றில் அந்த வாரம் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பெண் போதகர் கல்யாணம் செய்துவைத்துக்கொண்டிருந்தார். போகிற வழியில் அவரிடம் முடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு.

ஜட்ஜ் உள்ளே வந்ததும் நேராகப் புத்தகத்தைப் பார்த்தார்.

"இதுல ஏன் எழுதின?"

"கோடு காலியா இருந்துச்சு, ஜட்ஜ்."

"அந்தப் பக்கத்தக் கிழி."

"நம்பர் போட்ட பக்கம். கிழிச்சா உங்க பொண்ணு கல்யாணமும் சேந்து போயிரும். கிழிக்கட்டுமா?"

அவர் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. சாவிக்கொத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் வைத்தாள். பாஸ்டர் கதவோரத்தில் நின்று, "உங்க பேரப் போட்டு இப்பத்தான் வாசிச்சேனே, சிஸ்டர். என்ன இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார். ஊர் அவமானப்படுத்தியது அவரை என்பதுபோல் இருந்தது அவர் முகம். வெர்னிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள்.

மறுநாள் காலை அவளே கார் ஓட்டிக்கொண்டு பர்மிங்ஹாமுக்குப் போனாள். ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில், அறுவைசிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். க்ளிஃப்டன் உள்ளே லூஷியஸோடு இருக்கிறான் என்று நர்ஸ் ஒருத்தி சொன்னாள். காகிதத்தைக் காட்டியிருக்கிறான், விட்டுவிட்டார்கள். ஒரு நிமிடம்கூட வராந்தாவில் நிற்கவில்லை.

பத்தரை மணிக்கு பாஸ்டர் குட்லோ வந்தார். அவர் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் பெஞ்ச் காலி, ஈஸ்டர் வேறு வருகிறது. கையில் நோயாளிக்குப் பூசும் ஜெப எண்ணெய்க் குப்பி, மார்போடு வேதப்புத்தகம். வெர்னிஸைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராக மேசையில் இருந்த நர்ஸிடம் போனார்.

"நான் மிஸ்டர் பீவியோட பாஸ்டர். ஜெபம் பண்ணணும்."

"குடும்பத்தாருக்கு மட்டும்தான் அனுமதி சார்."

"நான் பாஸ்டர்மா. என்னைய எங்கேயும் தடுத்ததில்ல."

"அவரோட கணவர் சொன்னா விடலாம். கேட்டுட்டு வரவா? அவர் பேர் சொல்லுங்க, அந்தப் பக்கம் ரெண்டு பேர் குடும்பம் இருக்கு."

ஒன்பது வருடமாக இடதுபக்கம் ஐந்தாவது வரிசையில் அவனைப் பார்த்துவருகிறவர் பாஸ்டர். வாசலில் நின்று எல்லோர் கையையும் குலுக்கி அனுப்புகிறவர். குப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு வெர்னிஸின் நாற்காலிக்கு வந்து, நர்ஸுக்குக் கேட்காத குரலில் குனிந்தார்.

"சிஸ்டர், அவர்... பிரதர் பீவியோட அந்த... அவர் பேரு என்ன?"

வெர்னிஸ் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவரைப் பார்த்தாள்.

"கவுண்டி புத்தகத்துல எழுதி வச்சிருக்கேன் பாஸ்டர். அறுபத்தொண்ணாவது தொகுதி, இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம். ஒன்றரை மணிநேரம்தான், போய்ப் படிச்சிட்டு வாங்க."

அவர் குப்பியைக் கோட்டுப் பைக்குள் போட்டார். பிறகு லிஃப்ட் பக்கம் நடந்து போனார். நர்ஸ் வெர்னிஸைப் பார்த்து, "நீங்க உள்ள போகணுமா மேடம்? பேர் சொல்லுங்க, கேட்டுட்டு வரேன்" என்றாள். வெர்னிஸ் தன் பெயரைச் சொன்னாள். நர்ஸ் உள்ளே போய்ச் சில நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"அவரோட கணவர் இப்ப வேணாம்னு சொல்றாரு. நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னாரு."

"சரி" என்றாள் வெர்னிஸ். அது தனக்கு வரவேண்டிய பதில்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. கைப்பையை மடியில் நேராக்கி வைத்துக்கொண்டு, ஆபரேஷன் முடிந்தது, ஆள் பிழைத்தான் என்று நர்ஸ் வந்து சொன்ன நாலரை மணிவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.